நஷ்டபரிகாரமா, நஷ்டஈடா?

களியக்காவிளை செக்போஸ்டுக்கு இப்புறம், எங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில், விபத்தில் ஆள் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் பணத்தை 'நஷ்டபரிகாரம்' என்பார்கள். குழித்துறைப் பக்கம் போனால் அதே பணம் 'நஷ்டஈடு' ஆகிவிடும். ஒன்று மலையாளம், மற்றது தமிழ் என்று விட்டுவிடலாம். ஆனால் தமிழ்க் காதுக்குப் பரிகாரம் வேறு, ஈடு வேறு. பரிகாரம் பாவம் தீரத் தெய்வத்தின் முன் செய்வது. ஈடு, இழந்தவர் கையில் கொடுப்பது. நம் வரலாற்றில் இவ்விரண்டும் தனித்தனி வழியாகவே வந்திருக்கின்றன.

முதலில் பரிகாரம். வேட்டைக்குப் போனவன் விலங்கென்று நினைத்து எய்த அம்பு பட்டு மனிதன் இறந்த வழக்குகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. கொல்லும் எண்ணம் இல்லாததால் மரண தண்டனை வேண்டாம், கோயிலுக்கு நந்தாவிளக்கு வைக்கட்டும் என்று ஊரார் கூடித் தீர்ப்பார்கள். ஒரு விளக்குக்குப் பொதுவாக 96 ஆடு. மந்தையின் எண்ணிக்கை குறையாது என்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். விளக்கு இறந்தவனுக்காக எரிந்தது. ஆடுகளோ கோயில் இடையரிடம் போயின, செத்தவன் வீட்டுக்கு அல்ல.

எங்கள் ஊருக்கும் இதில் கதை உண்டு. பகைவருக்குத் தப்பிய மார்த்தாண்ட வர்மா நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்தார் என்பது மரபு. 1729-ல் பட்டத்துக்கு வந்து, எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒழித்து, அவர்கள் சொத்தையும் பறிமுதல் செய்தார். போர்களில் போன உயிர்களுக்குப் பரிகாரமாகவே 6 ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறஜபத்தை ஏற்படுத்தினார் என்பார்கள். வேதம் ஓதினவர்களுக்கு ஊட்டு கிடைத்தது. செத்தவர் வீட்டாருக்கு என்ன கிட்டிற்று?

ஈட்டுக்கும் நம்மிடம் பெயர் உண்டு. போரில் மாண்ட வீரனின் உறவினருக்குக் கொடுத்த நிலம் 'உதிரப்பட்டி'. வீரனுக்கு நடுகல், வீட்டாருக்கு வயல். ஆனால் இது அரசுக்கோ ஊருக்கோ உயிர் கொடுத்தவனுக்கு மட்டுமே.

இதே காலத்தில் ஸ்காட்லாந்தில் வேறு முறை. கொன்றவன் தரப்பு இறந்தவன் சுற்றத்துக்கே மாடு கொடுத்துப் பழியைத் தீர்க்க வேண்டும். மன்னன் உயிருக்கு 1000 பசு, உழவன் உயிருக்கு 16 பசு என்று அவர்களது பழைய சட்ட ஏடு விலை போட்டது. 1305-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அந்த வழக்கத்தைத் தடை செய்தார். ஆனாலும் சுற்றத்தாருக்கு ஈடு கொடுக்கும் கடமை 'அசித்மென்ட்' என்ற பெயரில் நீடித்தது. 'திருப்தியானோம்' என்று சுற்றத்தார் எழுதிக் கொடுத்த கடிதம் மன்னனின் மன்னிப்புக்கு வழி செய்தது. 1976-ல்தான் அசித்மென்ட் சட்டப்படி ஒழிந்தது. அந்த ஸ்காட்லாந்திலிருந்து வந்த கர்னல் ஜான் மன்றோதான் திருவிதாங்கூர் திவானாகி, 1811-ல் பத்மநாபபுரம், திருவனந்தபுரம் முதலிய இடங்களில் ஜில்லா கோர்ட்டுகளை வைத்தார்.

இன்று விபத்து வழக்குகளுக்கு 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் ஆகியவற்றைப் பார்த்து தீர்ப்பாயம் தொகை சொல்லும். 1000 பசுவும் 16 பசுவும் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பது தெரிகிறதல்லவா? என்றாலும் பணம் வீட்டுக்கு வருகிறது. இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்று தெரியாவிட்டால்கூட, 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் உண்டு.

எல்லையோரத்தாரும் வெளியூர் வந்த நாமும் அறிய வேண்டியது ஒன்று. விபத்து நடந்த இடத்தில்தான் மனு கொடுக்க வேண்டும் என்றில்லை. மனுதாரர் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம். அப்பன் பாறசாலை ரோட்டில் இறந்தால், மும்பையில் இருக்கும் மகன் மும்பையிலேயே கேட்கலாம். 2022 ஏப்ரல் முதல் சட்டம் சொல்லும் கெடு 6 மாதம். அதைத் தாண்ட விடக்கூடாது.

"போனவன் போயாச்சு, இனி கோர்ட்டு கேறி என்ன கிட்டும்?" என்று, வண்டிக்காரன் நீட்டும் சில்லறை ரூபாயை வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் ஒப்பு வைப்பதை எங்கள் ஊரில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்காட்லாந்துச் சுற்றத்தார் மாடு கைக்கு வந்த பிறகே கடிதம் எழுதினார்கள். நம்மவர்களும் வக்கீலைக் கண்டு பேசாமல் ஒப்பு வைக்கக் கூடாது. மேலுலகத்துக்கு வேண்டியதை விளக்கு பார்த்துக்கொள்ளும். பிள்ளைகளின் சோற்றுக்கு ஈடுதான் வேண்டும்.