கண்டமாலையும் நிணநீர்ப் புற்றுநோயும்

நோயின் இயல்பையும் அதன் முதலையும் தெளிந்த பின்னரே மருத்துவன் மருந்தை நாடவேண்டும் என்பது, திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் காட்டிய நெறியாகும். இந்நெறி வழுவியவிடத்து நேரும் இடரை நிணநீர்ப் புற்றுநோயின் வரலாறு நன்கு புலப்படுத்தும். ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வரலாறு அன்று.

கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் அமைந்துள்ள நிணநீர்க்கணுக்கள், உடலினுட் புகும் கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் காவற்சாவடிகள். காசநோய்க்கிருமி கழுத்துக் கணுக்களிற் புகின், அவை மாலை கோத்தாற்போல வீங்கும். இதனையே நம் முன்னோர் கண்டமாலை என்றனர். ஆயின், அக்கணுக்களிலுள்ள கலங்களே கட்டுக்கடங்காது பெருகின் அது புற்றுநோயாகும். இரண்டிலும் கட்டி வலியின்றித் தோன்றலாம். காய்ச்சலும் இரவு வியர்வையும் உடல்மெலிவும் இரண்டிற்கும் பொதுவானவை. கண்ணாற் கண்டும் கையால் தொட்டும் மட்டும் இவற்றை வேறுபிரித்தல் இயலாது.

இவ்வேறுபாட்டை நாடியவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் தோமஸ் ஹொட்ஜ்கின். இலண்டன் கைஸ் வைத்தியசாலையிற் பிணங்களை ஆராய்ந்த இவர், கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த எழுவரின் நிலையை 1832 ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். அக்கட்டுரையை அன்று பொருட்படுத்தியோர் சிலரே. 1865 இல் சாமுவேல் வில்க்ஸ் என்பார் அந்நோய்க்கு ஹொட்ஜ்கினின் பெயரைச் சூட்டினார். அடிமை முறையை எதிர்த்தும், 1837 இற் பழங்குடிகள் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவ முன்னின்றும் உழைத்த ஹொட்ஜ்கின், 1866 இல் யாப்பா நகரிற் காலமானார்.

பெயர் கிடைத்த பின்னரும் மயக்கம் தீர்ந்திலது. 1898 இற் கார்ள் ஸ்ரேர்ண்பேர்க் இதனைக் காசநோயின் ஒருவகை எனவே கருதினார். 1902 இல், அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் டொரத்தி றீட் என்னும் இளம் பெண்மணி, நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு இந்நோய்க்குரிய பெருங்கலங்களைத் தெளிவாக விளக்கி, இது காசநோயினின்றும் வேறானது என நிறுவினார். கட்டியை வெட்டியெடுத்து இழையத்தை ஆராய்ந்தாலன்றி உண்மை புலப்படாது என்பது அன்று தொடங்கி உறுதியாயிற்று.

நோய் தெளிந்த பின்னர் மருந்தும் பிறந்தது. 1942 இல், போருக்கெனச் செய்த நச்சுவாயுவோடு உறவுடைய நைதரசன் மஸ்ரட் என்னும் பொருளை யேல் பல்கலைக்கழகத்து அறிஞர் நோயாளி ஒருவர்க்குச் செலுத்தினர். கட்டிகள் சிலகாலம் கரைந்தன. தொடக்கநிலை ஹொட்ஜ்கின் நோயைக் கதிர்ச்சிகிச்சையாற் குணப்படுத்தலாம் என 1950 இல் கனடாவின் வேரா பீற்றர்ஸ் காட்டினார். அந்நாட்டிலேயே நோபிள், பியர் என்னும் இருவர் 1958 இற் செடியொன்றிலிருந்து வின்பிளாஸ்ரின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அச்செடி வேறன்று, நம்மவர் பட்டிப்பூ என்றும், நித்தியகல்யாணி என்றும், சுடுகாட்டு மல்லி என்றும் வழங்குவதேயாம். அதே செடியிற் கிடைத்த வின்கிறிஸ்ரின் உட்பட நான்கு மருந்துகளை ஒருங்கே வழங்கும் முறையை அமெரிக்க அறிஞர் 1964 அளவில் தொடங்கினர். முற்றிய நோயும் பலரில் அதனால் நீங்கியமை 1970 இல் வெளியாயிற்று. நிணநீர்ப் புற்றுநோய்கள் பலவகையின. ஹொட்ஜ்கினின் நோய் அவற்றுள் ஒன்றே. வகைக்கேற்ப மருந்தும் வேறுபடும்.

இனி ஊவாவை நோக்குவோம். ஹொட்ஜ்கின் கட்டுரை எழுதிய பத்தாண்டிலேதான் இலங்கை மலைநாட்டிற் கோப்பித்தோட்டங்கள் பெருகத் தொடங்கின. அவற்றிற்கும் பின்வந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். அவர்தம் வைத்திய தேவைக்கென 1872 இற் கட்டளைச் சட்டம் ஒன்று பிறந்தது. கொள்ளைநோயும் வயிற்றுக்கடுப்பும் கொளுக்கிப்புழுவுமே அக்காலத் தோட்ட வைத்தியத்தின் முதற்கவலைகள். வேலைசெய்யும் கையை உடனே வீழ்த்தும் நோய் கணக்கில் ஏறிற்று; மெல்ல வளரும் கட்டி ஏறவில்லை.

லயத்துச் சிற்றறையிற் பலர் நெருங்கி வாழுமிடத்துக் காசநோய் எளிதிற் பரவும். ஆதலாற் கழுத்திற் கட்டி கண்டவிடத்துக் காசநோயை முதலில் எண்ணுதல் தவறன்று; சோதியாது அதனோடு அமைதலே தவறு. காசநோய்க்கு மருந்துண்ணும் காலம் ஆறு மாதம் அல்லது அதற்கும் மேற்பட்டது. அக்காலத்துட் புற்றுநோய் கழுத்திலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் படரக்கூடும்.

1924 இற் புகையிரதம் பதுளையை எட்டியது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையை நாடிக் கொழும்பு வரை ஏறத்தாழ 290 கிலோமீற்றர் அப்பாதையிற் சென்றோர் பலர். இன்று பதுளை வைத்தியசாலையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. அரச வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் லுணுகலையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி பதுளைக்கு வருவதென்றால் ஒருநாட் பேர் போய்விடும். மறுமுறையும் வரச்சொன்னால் இன்னொரு பேர். கட்டியோ வலிப்பதில்லை. வலியாத கட்டிக்காக ஒருநாட் கூலியை இழக்க எவர் மனம் எளிதில் இசையும்?

ஆகவே, மூன்று நான்கு வாரங்களில் வற்றாத கட்டியை, வலியில்லை என்று விட்டுவிடலாகாது என்பதைத் தோட்டந்தோறும் எடுத்துரைத்தல் கற்றோர் கடன். நோயைப் பிரித்தறிய மருத்துவ உலகிற்கு எழுபது ஆண்டுகள் சென்றன. தோட்டத்துத் தாய் ஒருத்திக்கோ அத்துணைக் காலம் இல்லை. அவளுக்கு உள்ளவை சில மாதங்களே.