மக்கள் திட்டம் (கேரளம்)

வட்டார வளர்ச்சித் திட்டமிடலைத் தலைநகரிலிருந்து ஊராட்சிகளுக்கு இறக்கிய இயக்கம், மலையாளத்தில் ஜனகீயாசூத்ரணம். ஈ. கே. நாயனார் முதல்வராக இருந்தபோது, 1996 ஆகஸ்ட் 17 அன்று, மாநிலத் திட்டக்குழுவின் பொறுப்பில் தொடங்கியது. திட்டம் முதலில், பணம் பிறகு என்பதே அரசு வழக்கம். இங்கே அது தலைகீழானது: ஒன்பதாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான மாநில நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என முன்கூட்டியே முடிவானது. துணிச்சலான முடிவுதான்.

கிராம சபையில் மக்கள் வேளாண்மை, குடிநீர், கல்வி எனத் துறைவாரிக் குழுக்களாகப் பிரிந்து அமர்ந்து குறைகளைப் பேசினர். அதிலிருந்து ஊராட்சியின் வளர்ச்சி அறிக்கை, கருத்தரங்கு, பணிக்குழு என வேலை நகர்ந்தது. மதிப்பீடுகளைச் சரிபார்க்க ஓய்வுபெற்ற பொறியாளர்களும் அலுவலர்களும் ஊதியமின்றி வந்தனர். பெண்களுக்கான திட்டங்களுக்கு 10 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது.

வீடு, கழிப்பறை, சாலை போன்றவற்றில் பலன் கண்கூடு. உற்பத்தித் துறைகளில் அவ்வளவு இல்லை. பயனாளித் தேர்வு முடிந்ததும் கிராம சபைக்கு வருவோர் குறைந்ததும் உண்டு. 2001இல் ஆட்சி மாறியபின் இயக்கத்தின் பெயர் மாறியது. உள்ளாட்சிகளுக்கு நிதி ஒதுக்கும் முறை நிலைத்தது.