மேஜர்!

1878-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிறந்த கறுப்பினச் சிறுவன் மார்ஷல் டெய்லர். சைக்கிள் கடை வாசலில் ராணுவ உடுப்போடு வித்தை காட்டிக் கூட்டம் சேர்ப்பான். அதனால் ‘மேஜர்’ என்பதே பெயராகிவிட்டது!

வித்தைக்காரன் பந்தய வீரரானார். ஜெயிக்க ஜெயிக்க எதிரிகள் பெருகினார்கள். வெள்ளை வீரர்கள் கூட்டுச் சேர்ந்துகொண்டு, நடுவில் வைத்து நெருக்கினார்கள். 1897-ல் டான்டன் நகரில், பந்தயம் முடிந்ததும் பெக்கர் என்ற வீரர் கழுத்தை நெரித்ததில் டெய்லர் மூச்சுபேச்சில்லாமல் விழுந்தார்.

ஆனாலும் மனிதர் மசியவில்லை. கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு முன்னே பாய்வதுதானே அவருக்கிருந்த ஒரே பாதுகாப்பு! 1899-ல் மான்ட்ரியலில், ஒரு மைல் வேகப் பந்தயத்தில் உலக சாம்பியன். 1901-ல் பாரீஸில், பிரான்ஸின் செல்லப்பிள்ளை ஜாக்லனிடம் முதல் மோதலில் தோற்றார். அடுத்த மோதலில் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்.

1910-ல் ஓய்வு. இறங்கிய தொழில்கள் கையைக் கடித்தன. 1928-ல் சுயசரிதையைச் சொந்தக் காசில் அச்சிட்டு, பிறகு சிகாகோவில் வீடு வீடாக ஏறி இறங்கி விற்றார் உலக சாம்பியன்! 1932-ல் தர்ம வார்டில் மரணம். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. அநாதைகளோடு அநாதையாகப் புதைத்தார்கள்.

1948-ல் பழைய பந்தய வீரர்கள் சிலர் தேடி வந்தார்கள். சைக்கிள் கம்பெனி முதலாளி ஃபிராங்க் ஷ்வின் பணம் கொடுக்க, உடலைத் தோண்டியெடுத்து மரியாதையோடு மறு அடக்கம் செய்தார்கள்.

நொடிகளில் ஜெயித்தவருக்கு மரியாதை வந்துசேர, செத்த பிறகும் 16 வருஷம் ஆயிற்று!