ஏ மைனர் சொனாட்டாவும் ஒரு மரணச் செய்தியும்

இலக்கியத் தொடரொன்றில் பியானோ இசைக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒரு படைப்பை எவ்வாறு வாசிப்பது என்பதே நாம் சில வாரங்களாகப் பேசிவரும் பொருள். அப்படைப்பு சொல்லால் ஆனதா, சுரத்தால் ஆனதா என்பது இரண்டாவது விடயம். அத்தோடு, நான் இன்று எடுத்துக்கொள்ளும் இசைப் படைப்பைச் சுற்றி ஒரு கதை பின்னப்பட்டிருக்கிறது. தமிழ் படிப்பிக்கும் எனக்கு அந்த வகைக் கதைகள் நன்கு பழக்கமானவை.

மோசார்ட் தனிப் பியானோவுக்கென எழுதிய சொனாட்டாக்கள் 18. அவற்றுள் இரண்டு மட்டுமே மைனரில் அமைந்தவை. ஒன்று 1784இல் எழுதிய சி மைனர் சொனாட்டா. மற்றையது 1778இல் பாரிஸ் நகரில் எழுதிய ஏ மைனர் சொனாட்டா. கோஹெல் தொகுத்த பட்டியலில் 310ஆம் இலக்கம் பெற்றது. நமது பொருள் இதுவே.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1777 செப்ரெம்பரில், நல்லதோர் உத்தியோகம் தேடி, மோசார்ட் தம் தாயார் அன்னா மரியாவுடன் சால்ஸ்பேர்க்கை விட்டுப் புறப்பட்டார். மியூனிக், ஒக்ஸ்பேர்க், மன்ஹைம் என்று அலைந்து, 1778 மார்ச் 23ஆம் திகதி இருவரும் பாரிஸை அடைந்தனர். அப்பொழுது மகனுக்கு வயது 22. எதிர்பார்த்த உத்தியோகம் அங்கும் கைகூடவில்லை. அந்நிய நகரில் நோயுற்ற தாயார் ஜூலை 3ஆம் திகதி, தமது 57ஆவது வயதில் காலமானார். அடக்கத்தின்போது மகனோடு நின்றவர் ஹைனா என்ற இசைக் கலைஞர். இந்தச் சொனாட்டாவைச் சில ஆண்டுகளின் பின் பாரிஸில் அச்சிட்டு வெளியிட்டவரும் அவரே.

பாரிஸ், 1778, மைனர், தாயாரின் மரணம். இவ்வளவும் ஓரிடத்தில் கூடியிருக்கையில் முடிச்சுப் போடாமல் இருக்க யாரால் முடியும்? தாயை இழந்த மகனின் ஓலமே இந்தச் சொனாட்டா என்று இசைத்தட்டுகளின் உறைகளிலும் கச்சேரிக் குறிப்புகளிலும் எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் நியூயோர்க்கின் மோர்கன் நூலகத்தில் உள்ள கையெழுத்துப் பிரதி சொல்வது 'பாரிஸ், 1778' என்பதை மட்டுமே. மாதமும் இல்லை, நாளும் இல்லை. மோசார்ட் பாரிஸை விட்டு நீங்கியது செப்ரெம்பர் 26இல். இந்த ஆறு மாதங்களில், ஜூலை 3க்கு முன்பும் இது எழுதப்பட்டிருக்கலாம், பின்பும் எழுதப்பட்டிருக்கலாம். பிரதி அதற்கு விடை தருவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாயார் இறந்த அன்றிரவே மோசார்ட் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் தாயார் கடும் நோயுற்றிருப்பதாக மட்டுமே சொல்லி, பின்னர் ஜூன் 18இல் தமது புதிய சிம்பொனி பெற்ற வரவேற்பை விபரமாக எழுதுகிறார். அதே இரவில் சால்ஸ்பேர்க்கிலிருந்த புல்லிங்கர் என்ற குருவானவருக்கு உண்மையை எழுதி, தந்தையாரின் மனத்தைப் பக்குவப்படுத்தும்படி வேண்டுகிறார். இதைக் கல்நெஞ்சம் என்று கொள்வது தவறு. தந்தையை ஒரேயடியாக வீழ்த்திவிடக் கூடாது என்று எண்ணிய மகனின் கவனம் அது. துயரம் நேர்ந்த கணமே தாளில் வந்து கொட்டிவிடும் என்று நம்புவோர் இந்த இரு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

நம்மிடையேயும் இது உண்டு. தனிப்பாடல்களுக்கு வழங்கும் கதைகளை எண்ணிப் பாருங்கள். பாடலிலிருந்து கதையைப் பிறப்பிக்கிறோம். பிறகு அந்தக் கதையைக் கொண்டே பாடலுக்கு உரை சொல்கிறோம். கதை சுவையாக இருக்கும். பாடலின் சொல்லும் தொடையும் கேட்பாரற்றுக் கிடக்கும்.

நிற்க, இசைக்கு வருவோம். நமது இசையில் ராகம் ஒற்றை இழையாக ஓடுகிறது. மேலைத்தேய இசையிலோ பல சுரங்கள் ஒரே வேளையில் ஒலிக்கின்றன. அக்கூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும் ஒழுங்கையே ஹார்மனி என்பர். மேலைத்தேய இசை கற்பிக்கும் நண்பர் ஒருவர் இதன் முதற்பகுதியை எனக்குப் பியானோவில் சிறிது சிறிதாக வாசித்துக் காட்டியிருக்கிறார். அவ்வாறு கேட்டவற்றை நமது சுரப் பெயர்களிலேயே சொல்கிறேன். ஏ என்னும் சுரத்தை ஸட்ஜமாகக் கொள்க.

தொடக்கத்தில் இடக்கை ஸட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் ஒருசேரத் தட்டிக்கொண்டே இருக்கிறது, நிறுத்தாத நடை. வலக்கை முதலில் தொடுவது பிரதி மத்திமம். மறுகணமே பஞ்சமத்தில் போய் அமர்ந்துவிடுகிறது. ஆயினும் கீழே பஞ்சமம் ஏற்கனவே ஒலிக்கின்றபடியால், அரைச்சுர இடைவெளியில் இரண்டும் உரசுகின்றன. படைப்பின் முதல் ஒலியே ஓர் உரசல்தான். சிறிது நேரத்தில் மேலே உள்ள கூட்டு மாறுகிறது. காகலி நிஷாதமும் சதுஸ்ருதி ரிஷபமும் வருகின்றன. அக்கூட்டுக்கு உரிய அடிச்சுரம் பஞ்சமம். ஆனால் அடியில் ஸட்ஜம் அசைய மறுக்கிறது. நமது தம்புராவின் ஸட்ஜம் பாடகரைத் தாங்கி நிற்பது. இங்கே அதே நிலைத்த ஸட்ஜம் மேலுள்ள கூட்டோடு மோதி வலியை உண்டாக்குகிறது. துயரம் எங்கே என்று தேடுவோர் முதலில் தேட வேண்டிய இடம் இது.

அடுத்து வரும் இரண்டாம் கருப்பொருள் சி மேஜரில், துள்ளி ஓடும் விரைந்த சுரங்களால் ஆனது. அக்கால வழக்கும் அதுவே. அதன்பின் நடுப்பகுதி. முதற் கருப்பொருள் மேஜரில் தலைகாட்டி, விரைவிலேயே இருள்கிறது. அடியில் ஒரு சுரம் நிலைத்து நிற்க, மேலே சுரங்கள் ஒன்றோடொன்று உரசி உரசி இறங்குகின்றன. பிறகு வேறொரு அடிச்சுரத்தில் மீண்டும் அதே போராட்டம். இவ்விடத்தில் மோசார்ட் மிகுந்த பலம், மிகுந்த மென்மை, மறுபடி மிகுந்த பலம் என்று குறித்திருக்கிறார். பழைய ஹாப்சிகோட் வாத்தியத்தில் விரலின் அழுத்தத்தால் இதைச் செய்ய இயலாது. 1777 ஒக்டோபரில் ஒக்ஸ்பேர்க்கில் ஸ்டைன் என்பவர் செய்த பியானோக்களை வாசித்துப் பார்த்து, தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மோசார்ட் அவற்றை வியந்து பாராட்டியிருந்தார். ஆகவே இந்த வேகத்தின் பின்னணியில் ஒரு தச்சனின் கைத்திறனும் இருக்கிறது.

இனி நான் முக்கியமெனக் கருதும் இடம். முதற்பகுதியின் முடிவுப் பாகத்தில் இரு கருப்பொருள்களும் திரும்ப வர வேண்டும். மைனரில் தொடங்கிய படைப்புகளில் இரண்டாவதை இவ்விடத்தில் மேஜருக்கு மாற்றி ஆறுதலாக முடிப்பது ஹைடன் பலகாலும் கையாண்ட வழி. மோசார்ட் அந்த வழியில் போகவில்லை. முன்பு துள்ளி ஓடிய அதே பகுதி, ஏறத்தாழ அதே விரல் ஓட்டத்தோடு, ஏ மைனரில் வருகிறது. காந்தாரம் அரைச்சுரம் இறங்கிவிட்டது, அவ்வளவே. சிரித்த முகம் அதே முகமாகவே இருந்து வாடிவிடுகிறது. தாயாரின் பெயரை அறியாத ஒருவரும் இவ்விடத்தில் நெஞ்சு கனப்பதை உணர்வார்.

நடை பற்றியும் ஒரு சொல். சோபெர்ட் என்ற கலைஞர் பாரிஸில் வாழ்ந்து 1767இல் இறந்தவர். அவருடைய சொனாட்டாப் பகுதியொன்றைச் சிறுவன் மோசார்ட் தன் பியானோ கொன்சேர்ட்டோ ஒன்றுக்கு எடுத்தாண்டதுண்டு. கனத்த சுரக்கூட்டுகளும் திடீர்க் கொந்தளிப்பும் கொண்ட இந்த நடையில் பாரிஸ் நகரத்துச் சுவைக்கும் பங்குண்டு என்றே நான் எண்ணுகிறேன். கதை சொல்வோர் இதனைச் சொல்வதில்லை. சோபெர்ட் எவருக்கும் கண்ணீர் வரவழைக்கமாட்டார்.

எஃப் மேஜரில் அமைந்த இரண்டாம் பகுதி குரலால் பாடுவது போன்றது. அதன் நடுவிலும் ஒரு புயல் வந்து போகிறது. மூன்றாம் பகுதி மூச்சு வாங்க விடாத ஓட்டம். அதன் இடையே சிறிது நேரம் ஏ மேஜர் வருகிறது. அடியில் சுருதி நீண்டு நிற்க, மேலே துருத்திக்குழலில் வாசிப்பது போன்ற எளிய நாட்டுப்புற மெட்டு. சொனாட்டா முழுவதிலும் ஸட்ஜம் உறுத்தாமல் தாங்கி நிற்பது இங்கே ஒருமுறைதான் என்பது என் காதுக்குப் பட்டது. மெட்டு முடிந்ததும் மைனர் திரும்புகிறது, வேகம் குறையவில்லை. இறுதிவரை காந்தாரம் மறுபடி மேலேறி நிலைக்கவுமில்லை.