வராத வாடகைக்கு வரி

போன வாரம் வீட்டு வரி கட்ட உட்கார்ந்தபோதுதான் 'ஆண்டு வாடகை மதிப்பு' என்ற சொல்லை நிதானமாகப் பார்த்தேன். நாங்கள் இருப்பது சொந்த வீடு. யாரும் வாடகை தருவதில்லை. அப்புறம் எந்த வாடகை?

சென்னையில் தெருவுக்குத் தெரு சதுர அடிக்கு இவ்வளவு என்று மாநகராட்சி ஒரு வீதம் வைத்திருக்கிறது. அதை வீட்டின் பரப்பளவால் பெருக்கி, வருட வாடகையாக்கி, அதில் இத்தனை சதவீதம் என்று வரி போடுகிறார்கள். ப்ரோக்ராம் எழுதுகிறவனுக்கு நாலு வரி வேலை. ஆனால் உள்ளே போகிற முதல் எண்ணே அனுமானம்!

இந்த அனுமானம் கப்பலில் வந்தது. 1793ஆம் வருட சாசனச் சட்டத்திலேயே கல்கத்தா, சென்னை, பம்பாய் வீடுகளுக்கு ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்கு வரை வரி போடலாம் என்று இருக்கிறது.

சண்டை வெடித்தது காசியில். 1810இல் கம்பெனி 15ஆம் ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. வீட்டுக்கு வருட வாடகையில் 5 சதவீதம், கடைக்கு 10. சொந்தக்காரரே குடியிருந்தால்? அக்கம்பக்கத்தில் அதே அளவு வீட்டுக்கு என்ன வாடகையோ, அதுதான் இதற்கும். (இதைப் படித்ததும் என் ரசீது ஞாபகம் வந்தது.)

அந்த டிசம்பரில் ஊர் மொத்தமும் வேலையை நிறுத்தியது. கடைகள் மூடின. கொல்லர்கள், படகோட்டிகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சடங்கு செய்ய ஆளில்லாமல் பிணங்களைக் கங்கையில் அப்படியே விட்டார்கள் என்று கம்பெனி அதிகாரியே எழுதியிருக்கிறார். தரம்பால் இந்தக் கடிதங்களைத் தொகுத்து 1971இல் புத்தகமாக்கினார். அதில் எனக்குப் பிடித்தது மக்களின் மனுதான். முந்தைய சுல்தான்கள்கூட, பரம்பரையாக வந்த குடியிருப்பு வீட்டின் மேல் கை வைத்ததில்லை என்கிறார்கள். வரி அதிகம் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. குடியிருக்கிற வீடு வருமானமே இல்லை என்பதுதான் வாதம். 1812இல் கம்பெனி வரியைக் கைவிட்டது.

அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. கணக்குமுறை தங்கிவிட்டது.

சென்னையில் 1998க்கு அப்புறம் 2022 வரை திருத்தமே நிலைக்கவில்லை. 2018இல் ஏற்றி, அடுத்த வருடமே நிறுத்தி வைத்தார்கள். 24 வருட பாக்கியை 2022இல் ஒரே மூச்சில் ஏற்றியபோது, பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீத உயர்வு, 1,800க்கு மேல் 150.

எங்கள் வீடு 1,150 சதுர அடி. 75 சதவீதம். "இந்த வீட்டுக்கு இவ்வளவு வாடகை யாருடா குடுப்பா?" என்று அம்மா கேட்டாள்.