கையெழுத்திடாத உடன்படிக்கை

பவானிசாகர் அணைக்குப் போனால் பூங்காவைச் சுற்றிவிட்டு, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அணையை ஒட்டிய ஊரிலேயே தமிழ்நாட்டின் பெரிய அகதி முகாம்களில் ஒன்று இருப்பது பலர் கண்ணில் படுவதில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நான்கே ஆண்டுகளில் 1,34,053 பேர் இலங்கையிலிருந்து இங்கே வந்தார்கள். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் அடுத்த அலை. ராமேசுவரத்தில் கரையேறி, மண்டபத்தில் பதிவு முடித்து, மாவட்டம் மாவட்டமாகப் பிரிந்தார்கள். கொங்குப் பக்கம் வந்தவர்களுக்கு பவானிசாகர், அரச்சலூர், பூலுவப்பட்டி, ஆழியாறு என்று இடம் அமைந்தது. கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பத்துக்குப் பத்து அறைகளில் குடியேறினார்கள்.

அகதி யார், அவருக்கு என்ன உரிமை என்று சொல்வது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள மண்ணுக்கு ஒருவரைத் திருப்பித் தள்ளக் கூடாது என்கிறது அதன் 33ஆம் பிரிவு. எனக்கு அதன் உயிர்நாடியே அந்த ஒரு பிரிவுதான். இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. 1967 நெறிமுறையிலும் இல்லை. ஆகவே முகாம்வாசி நம் சட்டத்தின் கண்ணில் வெறும் வெளிநாட்டவர். அரிசி, மாதப் பணம், பள்ளிக்கூடம் எல்லாம் அரசு இரக்கப்பட்டுக் கொடுத்தவை. தமிழ்நாடு தாராளமாகவே கொடுத்தது, அதை மறக்கக் கூடாது. ஆனால் இரக்கத்தைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்காட முடியாது.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு காற்று ஒரே நாளில் திசை மாறியது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. விரும்பித்தான் போகிறோம் என்று முகாம்வாசிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். உலகம் நீட்டிய தாளில் கையெழுத்திடாத நாடு, போக இடமில்லாதவர்களிடம் கையெழுத்துக் கேட்டது. அது மனதார இட்டதா, மிரண்டு இட்டதா?

பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் இதே கேள்வியோடு சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டே ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. திரும்புகிறவர்களைச் சந்தித்து, உண்மையிலேயே சம்மதமா என்று கேட்பது அதன் வேலை. முகாமுக்குள் நுழைய அனுமதி இல்லை. புறப்படும் இடத்தில்தான் பேசலாம். உலக அமைப்பே சம்மதத்தைச் சரிபார்க்கும்போது தாங்கள் அதை ஆராய வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். 1995 வரை 54,188 பேர் திரும்பினார்கள். 33ஆம் பிரிவு நம் சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. ஆனாலும் வரிசையில் நின்றவரிடம் ‘போக விருப்பமா?’ என்று ஒருவர் கேட்டாரே, அந்தக் கேள்வி அங்கிருந்து வந்ததுதான்.

போகாதவர்களுக்கு மிஞ்சியது ‘செக்கிங்’ என்ற ஆள் சரிபார்ப்பு நாள். அந்த நாளில் குடும்பத்தில் எல்லோரும் வருவாய்த்துறை அலுவலர் முன்னால் நிற்க வேண்டும். திருப்பூரிலோ கோவையிலோ பெயின்ட் அடிக்கப் போனவர், விரல் இடுக்கில் காய்ந்த சுண்ணாம்போடு முந்தின இரவே பஸ் பிடித்து வந்துவிடுவார். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் உதவித்தொகை நின்றுபோகும். 2021இல் இந்த முகாம்களின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன.

அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத இந்தியா, 1992 டிசம்பர் 11 அன்று குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 7ஆம் பிரிவு, பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது. நம் குடியுரிமைச் சட்டமோ 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களிடம், பெற்றோரில் ஒருவராவது இந்தியரா என்று கேட்கிறது. பவானிசாகரில் பிறந்து, கொங்குத் தமிழ் பேசி, பட்டமும் வாங்கிய பிள்ளையிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பிள்ளைகளின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)