முட்டையோட்டில் எழுதிய வசந்தம்

கல்லில் பொறித்தோரும், செம்பில் வெட்டினோரும், ஓலையில் கீறினோரும் தம் எழுத்து நெடுங்காலம் நிலைபெற வேண்டும் என விழைந்தவர்கள். எளிதில் உடையும் கோழிமுட்டையின் ஓட்டைத் தம் ஏடாகக் கொண்டோர் உக்ரைன் நாட்டு உழவர்குடிப் பெண்டிர். நெடும்பனிக்காலம் கழிந்து வசந்தம் புகும் நாளில், உயிர்த்த ஞாயிறு விழாவையொட்டி அவர்கள் அணிசெய்யும் முட்டைகளின் வரலாறு, ஒரு கலை எவ்வாறு அழியாது நிற்கிறது என்பதற்குத் தக்க சான்றாகும்.

அம்முட்டையை அவர்கள் 'பிசன்கா' என வழங்குவர். 'எழுதுதல்' என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த சொல் அது. மரபறிந்தோர் முட்டைக்கு வண்ணம் தீட்டுவதாகக் கூறார். முட்டையை எழுதுவதாகவே கூறுவர். ஓவியம் எழுதுதல், தொய்யில் எழுதுதல் எனக் கோலத்தையும் எழுத்தையும் ஒரே வினையால் சுட்டிய தமிழ் மரபினர்க்கு இவ்வழக்கு வியப்பளிக்காது.

எழுதும் முறையும் நுட்பமானது. மெல்லிய செம்புத் தகட்டைச் சிறு கூம்பாகச் சுருட்டிக் குச்சியின் முனையில் பிணைத்தால் எழுதுகோல் ஆயிற்று. அதனை விளக்கில் சூடாக்கி, உருகிய தேன்மெழுகால் ஓட்டின்மீது கோடிழுப்பர். வெண்மையாக நிற்க வேண்டிய கோடுகளை முதலில் மெழுகால் மறைத்து, முட்டையை மஞ்சள் சாயத்தில் தோய்ப்பர். பின் மஞ்சளாக நிற்க வேண்டியவற்றை மறைத்துச் சிவப்பிலும், இறுதியாகக் கருமையிலும் தோய்ப்பர். பணி முடிந்ததும் சுடரருகே காட்டி மெழுகை உருக்கித் துடைத்தால் எல்லா வண்ணங்களும் ஒருங்கே வெளிப்படும். அதுவரை எழுதியவரும் தம் கோலத்தை முழுமையாகக் காண இயலாது. பிழைபட்ட கோட்டை அழிக்கவும் வழியில்லை. மனத்துள் கோலம் முன்னரே நிறைவு பெற்றிருந்தாலன்றி இக்கலை கைகூடாது.

கார்பாத்திய மலைவாழ் ஹுத்சூல் மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. தீமையின் உருவான அரக்கன் ஒருவன் பாறையில் சங்கிலியால் பிணிக்கப்பட்டுள்ளான். ஆண்டுதோறும் எழுதப்படும் முட்டைகள் மிகுமாயின் சங்கிலி இறுகும், குறையுமாயின் தளரும். உலகின் நலம் கையளவுக் கலையைச் சார்ந்து நிற்கிறது என்னும் நம்பிக்கை இக்கதையின் உட்பொருள்.

அச்சங்கிலி தளர்ந்த காலமும் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லூப்னி நகரின் அருகே கத்தரீனா ஸ்கர்ஜின்ஸ்கா என்னும் பெருமாட்டி அமைத்த அருங்காட்சியகம் இம்முட்டைகளைத் திரட்டியது. அத்தொகுப்பிலிருந்த 2,000க்கும் மேற்பட்ட முட்டைகளைச் செர்ஹி குல்ஷின்ஸ்கி 1899இல் விளக்கப் பட்டியலாக வெளியிட்டார். ஆனால் சோவியத் ஆட்சியில், 1920களிலும் 1930களிலும், சமய எதிர்ப்புக் கொள்கை இவ்வழக்கத்தை ஒடுக்கியது. பல வட்டாரங்களில் அது மறைந்தொழிந்தது. 1939 வரை அவ்வாட்சிக்கு உட்படாதிருந்த மலைப்பகுதிகளிலும், கடல் கடந்த குடியேற்றங்களிலும் எஞ்சி வாழ்ந்தது.

1891 முதல் கனடாவில் குடியேறிய உக்ரைன் மக்கள் இக்கலையையும் உடன்கொண்டு சென்றனர். அவர்கள் வாழும் ஆல்பர்ட்டா மாநிலத்தின் வெக்ரவில் ஊரில் 1975இல் மாபெரும் முட்டைச் சின்னம் ஒன்று எழுந்தது. 31 அடி உயரமுடைய அதனை வடிவமைத்தவர் கணினி அறிஞர் ரொனால்டு ரெஷ். தட்டையான தகட்டால் வளைந்த முட்டையைப் போர்த்துவது எவ்வாறு என்பதே அவர் எதிர்கொண்ட சிக்கல். 2,208 முக்கோணத் துண்டுகளையும் 524 விண்மீன் வடிவத் துண்டுகளையும் சிறுசிறு கோணங்களில் இணைத்து அதனைத் தீர்த்தார்.

இதே சிக்கலைப் போலந்தின் வோவிச் வட்டாரப் பெண்டிர் கணினியின் துணையின்றியே தீர்த்திருந்தனர். ஆட்டுமயிர் கத்தரிக்கும் பெருங்கத்தரியால் வண்ணத்தாளில் பூவும் சேவலும் வெட்டுவதில் வல்ல அவர்கள், அத்தாளுருக்களை முட்டையோட்டிலும் ஒட்டினர். உரு சிறிதாயின் தாள் வளைவுக்கு இசையும் என்பது அவர்கள் கை அறிந்த கணிதம்.

இன்று மரமுட்டையிலும் நெகிழிமுட்டையிலும் அச்சிட்ட காகிதக் கைக்குட்டைகளை ஒட்டும் கைவினைக்கும் இதுவே விதி. முதலில் முட்டைக்கு வெண்ணிறம் பூசுவர். பசையில் நனையும் மெல்லிய தாள் ஒளி ஊடுருவுவதாக மாறுவதால், வெண்மையின்மீதுதான் பூவின் நிறம் விளங்கும். கைக்குட்டையின் அச்சிட்ட மேலடுக்கை மட்டும் பிரித்து, வெட்டாது கையால் கிழித்து ஒட்டுவர். கிழிந்த ஓரம் வண்ணத்தோடு கலந்து மறையும். இரவல் பூவை ஒட்டுவது கலையாகுமா என வினவுவோர் உளர். எழுதும் மரபோடு இதனை ஒன்றாக வைத்தல் பொருந்தாது. ஆயினும் வசந்தத்தின் வரவைத் தன் கையால் ஒரு முட்டையில் அறிவிக்கும் விருப்பம் இரண்டிற்கும் பொதுவானது. எழுதத் துணியாத கைக்கு ஒட்டுதல் முதற்படியாகலாம்.

2000ஆம் ஆண்டில் உக்ரைனின் கொலொமியா நகரில், இக்கலைக்கென முட்டை வடிவிலேயே ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. 2024 டிசம்பரில், போரின் நடுவே, உக்ரைனும் எஸ்தோனியாவும் இணைந்து விண்ணப்பித்தவாறு யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. இச்சிறப்புகள் பின்னர் வந்தவை. கலையைக் காத்தது முட்டை உடையும் என்னும் உண்மையே. சென்ற ஆண்டின் முட்டை இவ்வாண்டுக்கு உதவாது. ஒவ்வொரு வசந்தத்திலும் தாய் மீண்டும் எழுத வேண்டும், மகள் அருகிருந்து பார்க்க வேண்டும். அவ்வாறு எழுதிய வீடுகளில்தான் இக்கலை பிழைத்தது.